பூமித்தாய்க்குத் தலையிடி

ஜெயதீபனின் வீட்டில் விளக்குப் போடுவதில்லை. அவனுடைய அம்மா குணலட்சுமிக்கு ஒற்றைத் தலையிடி. வெளிச்சம் கண்ணில் பட்டால் முதலில் இடப்பக்க நெற்றி துடிக்கும், பிறகு வாந்தி வரும், அதன் பிறகு ஒரு நாள் முழுக்கப் படுக்கைதான். வைத்தியர்கள் குளிசைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா காலமான பிறகு வீட்டில் இரண்டே பேர் என்பதால் அது பெரிய காரியமாக இருக்கவில்லை. பகலில் யன்னல்களுக்குத் தடித்த சேலை. பொழுதுபட்டால் குசினியில் மட்டும், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த ஒரு சின்ன விளக்கு. தொலைக்காட்சியை அயலுக்குக் கொடுத்தாயிற்று. கைத்தொலைபேசியைக்கூட ஜெயதீபன் வளவுக்குள் மாமரத்தடியில் நின்றுதான் பார்ப்பான்.

அவன் புவியியல் பட்டதாரி. அரச நியமனம் வரும் வரைக்கும் என்று உரும்பிராய்ச் சந்தியில் ஒரு குழாய்ச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். அந்த ‘வரைக்கும்’ சில வருடங்களாக நீண்டிருந்தது. இருட்டில் சோறு போட்டுச் சாப்பிடவும், சட்டைப் பொத்தானைத் தடவிப் பூட்டவும் பழகியிருந்தான். இதை ஒரு குறையாகவோ சாதனையாகவோ தாயும் மகனும் நினைத்ததில்லை.

சாதனை என்று நினைத்தது இளையோர் மின்சேமிப்பு உந்துதல் ஆய்வு மையம்.

இளைஞர்களை மின்சாரம் சேமிக்கத் தூண்டுவது எது என்ற ஒரே கேள்விக்கு விடை காண்பதற்காக யாழ்ப்பாண நகரில் நிறுவப்பட்ட மையம் அது. விடை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் மையம் இன்னும் நடக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை அந்த மையத்தின் ஜீப் ஜெயதீபன் வீட்டுப் படலையடியில் வந்து நின்றது. உள்ளே குளிர் போய்விடக்கூடாது என்பதற்காகச் சாரதி இயந்திரத்தை நிறுத்தாமலே இறங்கிப் பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார். சுவர்ணா என்ற உந்துதல் உத்தியோகத்தர் கையில் ஒரு ரப்லெட்டுடன் முற்றத்துக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். களைத்த முகம்.

“இந்த வீட்டிலை இருக்கிற இளையோர் ஆர்?”

“நான்தான் மிஸ்.”

“இந்தப் பிரிவிலேயே ஆகக் குறைஞ்ச கரண்ட் பாவிக்கிற இளையோர் வீடு உங்கடைதான். உங்களை உந்தினது என்ன?”

“அம்மாவுக்குத் தலையிடி.”

சுவர்ணா ரப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “அது இதிலை இல்லை. சுற்றாடல் பற்று, நாட்டுப்பற்று, சிக்கனம், நண்பர்களின்ரை செல்வாக்கு. நாலிலை ஒண்டைச் சொல்லுங்கோ.”

“மற்றவை எண்டு ஒண்டு இல்லையோ?”

“முந்தி இருந்தது. எல்லாரும் அதையே சொல்லுகினம் எண்டு எடுத்துப்போட்டம்.”

“நான் கரண்டை மிச்சம் பிடிக்கேல்லை மிஸ். அம்மாவுக்கு வெளிச்சம் ஆகாது. அவ்வளவுதான்.”

“அப்ப அம்மாவுக்காகத்தான் செய்யிறியள்.”

“ஓம்.”

“அம்மாவிலை பாசம்.”

“ஓம், ஆனா மிஸ்...”

“பூமியும் அம்மாதானே” என்று சொல்லி, சுவர்ணா சுற்றாடல் பற்று என்ற இடத்தில் விரலை அழுத்தினாள்.

உள்ளே இருந்து குணலட்சுமியின் குரல் வந்தது. “ஆர் தம்பி? லைன் வெட்டவோ வந்திருக்கினம்?”

“இல்லையம்மா. பாராட்ட வந்திருக்கினமாம்.”

“என்னத்துக்கு?”



அடுத்த கிழமை மையத்துக்கு வரச்சொல்லித் தொலைபேசி அழைப்பு வந்தது. வரச்சொன்ன நாள் பின்னேரம் அம்மாவை ஆசுப்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. காலையில் போனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டான். கடை முதலாளி சோமசேகரம் கேட்காமலே லீவு கொடுத்தார். “போயிட்டு வாடா தம்பி. உன்னாலை எங்கடை சந்திக்கே ஒரு பேர்” என்றார்.

மையத்தின் யன்னல்களெல்லாம் சாத்தி, திரைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. வெயில் உள்ளே வந்தால் குளிரூட்டி கஷ்டப்படும். திரை மூடியிருந்ததால் மண்டபம் இருட்டாக இருந்தது. அதனால் பகல் பத்து மணிக்கு எல்லா விளக்குகளும் எரிந்தன. குளிர் அதிகம் என்பதால் உத்தியோகத்தர்கள் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். பணிப்பாளர் கலாநிதி நமசிவாயத்துக்குக் கம்பளி உடம்பைக் கடிக்கும். ஆகவே அவருடைய மேசைக்குக் கீழே, கால்மாட்டில், ஒரு மின்கணப்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“இரும் தம்பி” என்றார் நமசிவாயம். “நாங்கள் சும்மா இருக்கேல்லை எண்டதை முதல்லை நீர் விளங்கிக்கொள்ள வேணும். தொடக்கத்திலை அறியாமைக் கோட்பாடு எண்டு ஒண்டு வைச்சிருந்தம். பெடியளுக்கு விளங்கேல்லை, விளக்கினாச் சேமிப்பினம் எண்டு. ஊரூராப் போய்ப் பெரிய திரை கட்டி விளக்கினம். விளக்கின ஊர் முழுக்கப் பாவனை கூடிப்போச்சு. பேந்து பயக் கோட்பாடு. உலகம் அழியுற மாதிரி ஒரு படம் எடுத்துப் பள்ளிக்கூடங்களிலை காட்டினம். பாத்த பிள்ளையள் பயந்துபோய் இரவிரவா லைற்றை நூராமல் படுத்துதுகள்.”

“இப்ப என்ன கோட்பாடு சேர்?”

“முன்மாதிரி. ஒருத்தனைக் காட்டினா மற்றவன் பாத்துச் செய்வான். அந்த ஒருத்தன் நீர்தான்.”

“சேர், நான் சேமிக்கிற ஆள் இல்லை. அம்மாவுக்கு வருத்தம். அவவுக்கு வருத்தம் இல்லையெண்டா நானும் லைற் போடுவன், ரிவி பாப்பன்.”

நமசிவாயம் சுவர்ணாவின் பக்கம் திரும்பினார். “தன்னடக்கம். எழுதும் பிள்ளை.”

சுவர்ணா எழுதினாள். ஜெயதீபன் வேறு வழியால் போய்ப் பார்த்தான். “விடையைக் கண்டுபிடிச்சா என்ன செய்வியள் சேர்?”

பணிப்பாளர் கணப்பிலிருந்து காலை எடுத்துச் சற்று யோசித்தார். “கண்டுபிடிச்சா மையத்தைப் பூட்டிப்போடுவினம். எத்தினை குடும்பம் இதை நம்பி இருக்கு. அதாலைதான் நாங்கள் மிச்சம் கவனமாத் தேடுறம்.”

“எனக்கு இது வேண்டாம் சேர்.”

“நீர் பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருக்கிறீராம். உம்மடை பேர் மேலிடத்துக்குப் போட்டுது. விலகினா, விலகின செய்தியும் மேலிடத்துக்குப் போகும். நான் வெருட்டேல்லை. இரண்டும் ஒரே கந்தோருக்குத்தான் போறது எண்டு சொல்லுறன்.”

அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது.

இருட்டுக்குள் யாரும் பதறவில்லை. பின்பக்கத்தில் ஜெனரேற்றர் உறுமத் தொடங்கியது. விளக்குகள் வந்தன. குளிரூட்டி வந்தது. கணப்பு வந்தது. சுவரில் இருந்த பெரிய திரையில் ‘சேமிப்போம்’ என்ற எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஜெயதீபன் எழுந்து கதவை இழுத்தான். திறக்கவில்லை.

“அது கரண்டிலை திறக்கிற கதவு” என்றாள் சுவர்ணா.

“இப்ப ஜெனரேற்றர் ஓடுதே மிஸ்.”

“ஜெனரேற்றருக்கு எது எது அத்தியாவசியம் எண்டு ஒரு கூட்டம் வைச்சவை. கதவு வரேல்லை. வேலை நேரத்திலை ஒருத்தரும் வெளியிலை போகத் தேவையில்லைத்தானே எண்டு சேர் சொன்னவர்.”

மூலையில் இரண்டு பேர் அலுமாரிக்குப் பின்னாலிருந்து கரம் பலகையை எடுத்தார்கள். இது வழக்கம்தான் என்று தெரிந்தது. ஜெயதீபன் கதவடியில் நின்றான். மத்தியானம் ஆயிற்று. திரையைச் சற்று விலக்கிப் பார்த்தான். யன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பி. தெருவில் சனம் வெயிலுக்குக் குடை பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அம்மா, நான் பூட்டுப்பட்டுப் போனன்.”

“பொலிசோ?” என்றாள் குணலட்சுமி.

“இல்லை. மையம்.”

“அப்ப பிணை எடுக்கவும் ஏலாது. நான் குடையைப் பிடிச்சுக்கொண்டு தனியப் போறன். நீ வெளியிலை விட்டாப் பிறகு வா.”

மின்சாரம் வந்து கதவு திறந்தபோது கிளினிக் மூடியிருந்தது. அவன் வீட்டுக்குப் போனான். குணலட்சுமி குசினித் தரையில் ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு கிடந்தாள். பஸ் நிலையத்து வெயில் குடைக்குள்ளாலும் வந்துவிட்டதாம். கிளினிக் வரைக்கும் போக முடியாமல், பாதியில் ஓட்டோ பிடித்துத் திரும்பியிருந்தாள். மகன் பக்கத்தில் இருந்து காலைப் பிடித்துவிட்டான்.

இரண்டு கிழமை கழித்துப் பலகை வந்தது.

படலையடியில் இரும்புத் தூண் நட்டு அதன் மேல் பூட்டினார்கள். ‘இங்கே ஓர் இளைஞர் மின்சாரம் சேமிக்கிறார்’ என்ற எழுத்துகள் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறி மின்னின. முன்மாதிரி தன் சொந்த மின்சாரத்திலேயே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதால் இணைப்பை வீட்டு லைனிலிருந்தே எடுத்தார்கள். சுவிச்சு ஒரு பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு. அதன் திறவுகோல் மையத்தில். மாணவர்கள் பஸ்களில் பார்க்க வருவது பகலில் என்பதால் பலகை பகலிலும் எரிந்தது. பலகைக்கு நேரே குணலட்சுமியின் அறை யன்னல்.

ஜெயதீபன் பொருத்த வந்தவர்களிடம் சொன்னான். அவர்கள் சுவர்ணாவைக் கேட்கச் சொன்னார்கள். சுவர்ணாவிடம் சொன்னான்.

“அம்மாவுக்கு வெளிச்சம் ஆகாது மிஸ். அதாலைதான் இந்த வீட்டிலை லைற்றே இல்லை. இதைத்தான் முதல்நாளும் சொன்னனான்.”

சுவர்ணா பலகையைப் பார்த்தாள். பிறகு யன்னலைப் பார்த்தாள். “எனக்கு விளங்குது தம்பி. ஆனா விளங்கினது எண்டு எழுத எங்களிட்டை இடமில்லை.”

பலகைக்கு மேல் ஒரு தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டினான். மறுநாளே ஜீப் வந்து படங்கைக் கழற்றிக்கொண்டு போயிற்று. முன்மாதிரியை மறைப்பது அரச உடைமைக்குச் சேதம் விளைவித்தலுக்குச் சமன் என்று வாய்மொழியாக அறிவிக்கப்பட்டது. அயலவர்களிடம் முறையிடலாம் என்றால், அவர்கள் பலகையின் கீழே நின்று படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சோமசேகரம் தன் கடைப் பெயரையும் பலகையின் ஓரத்தில் போட முடியுமா என்று விசாரித்தார்.

குணலட்சுமி தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பின்பக்கத்தில் வெங்காயம் அடுக்கும் களஞ்சிய அறைக்குப் போனாள். அதற்கு யன்னல் இல்லை. “நல்லாத்தான் இருக்கு” என்றாள். “வெங்காயத்துக்கும் எனக்கும் ஒரே குணம்.”

“மூச்சு முட்டும் அம்மா.”

“மூச்சு முட்டினாத் தலையிடிக்காது. ரெண்டிலை ஒண்டு எண்டா எனக்கு இது காணும்.”

ஜெயதீபனுக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஆகக் குறைந்த மின்சாரம் பாவிப்பவன் என்பதுதானே பிரச்சினை. கூடப் பாவித்தால் விட்டுவிடுவார்கள். விளக்குப் போடாமலே மின்சாரத்தைச் செலவழிக்க வழியா இல்லை? ஓர் அயன்பெட்டி வாங்கினான். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தில் ஒன்று வாங்கினான். ஒழுங்கையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளையெல்லாம் வாங்கிவந்து, கடை விட்டு வந்ததும் மையிருட்டில் நின்று அயன்பெட்டியால் மினுக்கினான். இருட்டில் மினுக்கியதால் சில சட்டைகளில் முக்கோணமாக மண்ணிறம் பட்டது. ஆனாலும் இலவசம் என்பதால் சனம் கொண்டுவந்து குவித்தது. கேத்தில் கொதித்து ஆறி மறுபடி கொதித்தது. கிணற்று மோட்டரைப் போட்டு, வெங்காயம் நட்ட தறையில் தண்ணீர் நிறைந்து ஒழுங்கைக்கு ஓடும் வரைக்கும் விட்டான். வியர்வை வழிய வழிய அவன் செலவழித்தான். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு பாடுபட்டுச் செய்ததில்லை.

அடுத்த மாதம் சுவர்ணா வந்தாள்.

“பாவனை நல்லாக் கூடியிருக்கு” என்றாள்.

“ஓம் மிஸ்” என்றான் ஜெயதீபன். முதன்முறையாக அவனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. “நான் இப்ப சரியான வீண்செலவு. என்னை எடுத்துப்போட்டு வேறை ஆளைப் பாருங்கோ.”

“முன்மாதிரி வீட்டுக்குச் சனம் வந்துபோனாக் கூடத்தான் செய்யும் எண்டு சேர் சொன்னவர். வாற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இவ்வளவு எண்டு கழிச்சுப்போட்டம். பலகைக்கும் கழிச்சம். கழிச்சுப் பாத்தா உங்கடை பாவனை பூச்சியத்துக்குக் கீழை போட்டுது.”

“கீழை எண்டா?”

“எனக்கும் தெரியாது தம்பி. உலகத்திலேயே இப்பிடி நடக்கிறது இதுதான் முதல் தரமாம். அதாலை கொழும்பிலையிருந்து அமைச்சின்ரை ஆலோசகர் வாறார். விழா இஞ்சைதான், உங்கடை வளவிலை.”

விழாவன்று வளவு முழுவதையும் மூடிப் பந்தல் போட்டார்கள். நாலு பக்கமும் துணி அடைத்ததால் பின்னேரம் மூன்று மணிக்குப் பந்தலுக்குள் ஒன்றும் தெரியவில்லை. பெரிய மின்விளக்குகள் கட்டினார்கள். விளக்குகளின் சூட்டில் இருக்க முடியவில்லை. ஆளுயர மின்விசிறிகள் வந்தன. மின்விசிறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்று ஒலிபெருக்கிகள் கூடின. எல்லாவற்றுக்குமாக ஒழுங்கையில் ஒரு லொறியில் ஜெனரேற்றர். அளவெட்டியிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர் மாத்திரம் எந்தக் கம்பியையும் எதிலும் செருகாமல் வாசித்தார்.

ஜெயதீபனுக்குப் பட்டுக்கரைத் துண்டு போட்டு மேடையில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். அங்கிருந்து, திறந்திருந்த வீட்டு வாசலுக்கூடாகக் களஞ்சிய அறையின் கதவு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்ததால் எழும்பிப் போகவும் வழியில்லை.

ஆலோசகர் அருட்செல்வன் அன்பானவர். மேடையேறியதும் மனந்திறந்து பேசினார். “எனக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கினம். ரெண்டு பேரின்ரை அறையிலையும் நாள் முழுக்க ஏசி ஓடும், ஆள் இல்லாட்டியும் ஓடும். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன், கேக்கேல்லை. அண்டைக்குத்தான் முடிவெடுத்தன், இனி மற்ற ஆக்களின்ரை பிள்ளையளுக்குச் சொல்லுறதெண்டு. அந்த முடிவின்ரை பலன்தான் இந்த ஜெயதீபன்.”

சனம் கைதட்டியது. ஆலோசகர் கையை உயர்த்தினார். “ஆனா இவனை உந்தினது ஆர்? இவன்ரை தாய். அந்தத் தாயைப் பாக்காமல் நான் கொழும்புக்குத் திரும்ப மாட்டன்.”

கமராக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். ஜெயதீபன் துண்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு ஓடி, களஞ்சிய அறைக் கதவில் முதுகை வைத்து நின்றான்.

“உள்ளுக்கை வேண்டாம் சேர். அம்மாவுக்கு ஏலாது.”

“நிகழ்ச்சி நிரலிலை இருக்குத் தம்பி” என்றார் நமசிவாயம். “இவர் வந்ததே இதுக்குத்தான்.”

ஒருவன் வீட்டுப் பிளக்கில் கமரா விளக்கைச் செருகினான். கூடம் வெள்ளை வெளேரென்று ஆயிற்று. ஜெயதீபன் எட்டிச் சுவரில் இருந்த மெயின் சுவிச்சை இழுத்துக் கீழே விட்டான். வீடு இருண்டது. படலையடிப் பலகையும் அணைந்தது.

உடனே பந்தலுக்குள் ஒலிபெருக்கி முழங்கியது. “பெரியோர்களே, முன்மாதிரி இளைஞரின் நேரடிச் செயல்விளக்கம்.” கைதட்டல் அடங்க வெகுநேரம் எடுத்தது. அது அடங்குமுன் கமராக்காரன் மின்கலத்தில் எரியும் இன்னொரு விளக்கைப் போட்டான்.

முதுகுக்குப் பின்னால் கதவு அசைந்தது. குணலட்சுமி தானாகவே வெளியே வந்தாள். தலையில் இறுக்கிக் கட்டிய துணி, பாதி மூடிய கண்கள். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆலோசகர் குனிந்து ஒலிவாங்கியை அவளுடைய வாயருகே பிடித்தார்.

“அம்மா, உங்கடை பிள்ளை இந்த வயசிலை கரண்டை இப்பிடிச் சேமிக்கிறான். அதுக்கு என்ன காரணம்?”

“எனக்குத் தலையிடி” என்றாள் குணலட்சுமி. “அந்த லைற்றை நூருங்கோ.”

ஒலிபெருக்கியில் அது ஒழுங்கை முழுவதும் கேட்டது. ஆலோசகரின் கண் கலங்கிவிட்டது. சனத்தின் பக்கம் திரும்பினார். “கேட்டியளோ? இது ஒரு தாயின்ரை குரல் இல்லை. பூமித்தாய் கதைக்கிறா. பூமித்தாய்க்குத் தலையிடி.”

நமசிவாயம் அந்தச் சொற்களை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். சுவர்ணா தலையைக் குனிந்துகொண்டாள். குணலட்சுமி ஆலோசகரின் சப்பாத்தின் மேல் வாந்தி எடுத்தாள்.

காணொளியில் அந்த இடம் மட்டும் வெட்டப்பட்டது. மற்றபடி எல்லாம் இருந்தது. அந்த மாத முடிவுக்குள் குடாநாட்டின் சந்திகளிலெல்லாம் ‘பூமித்தாய்க்குத் தலையிடி’ என்ற பலகைகள் எழுந்தன. இரவும் பகலும் எரிந்தன. இளைஞர்கள் அவற்றின் கீழே நின்று படம் எடுத்தார்கள். வெளிச்சம் நல்லாக விழுகிறதாம்.

குணலட்சுமி மூன்று நாள் எழும்பவில்லை. நாலாம் நாள் கஞ்சியை வாயில் வைத்ததும், “நியமனம் வராட்டிப் பரவாயில்லையம்மா. கரவெட்டிக்குச் சின்னம்மா வீட்டை போவம்” என்றான் ஜெயதீபன்.

“நீ படிச்ச படிப்பு?”

“வேண்டாம்.”

குணலட்சுமி கஞ்சியைக் குடித்து முடித்தாள். “தங்கச்சிக்கு ஒரு கோல் எடு” என்றாள்.

பொழுதுபடும் நேரத்தில் ஓட்டோ ஒன்றைப் பின்படலைக்கு வரவழைத்தார்கள். தாயின் தலைக்கு மேல் சேலையைப் போர்த்தி, மடியில் சாய்த்துக் கூட்டிப் போனான். வழியில் சந்திகள் வரும்போதெல்லாம் அவளுடைய கண்களைத் தன் உள்ளங்கையால் பொத்தினான். கரவெட்டி வரைக்கும் எத்தனையோ சந்திகள்.

அவர்கள் போனதை மையம் ஒரு குறையாக எடுக்கவில்லை. வெற்று வீட்டில் பலகை எரிந்துகொண்டிருந்தது. பஸ்கள் வந்துகொண்டிருந்தன. ஆள் இல்லாததால் முன்மாதிரி இன்னும் துலக்கமாகத் தெரிவதாகப் பணிப்பாளர் ஒரு கூட்டத்தில் குறிப்பிட்டார்.

கரவெட்டியில் குணலட்சுமியின் தங்கை கமலாவதியும் அவளுடைய மகள் ஆரபியும் இருந்தார்கள். ஆரபி பல்கலைக்கழகத்தில் படிப்பவள். அக்கா வந்த நாளிலிருந்து கமலாவதி வீட்டில் விளக்குப் போடவில்லை. ஆரபியும் பெரியம்மாவுக்காகக் கூடத்து விளக்கை நூர்த்துவிட்டு, சிநேகிதி வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். ஜெயதீபன் நெல்லியடியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை எடுத்தான். பின்பக்க அறையில், பனையோலைத் தட்டி போட்ட யன்னலுக்குக் கீழே, குணலட்சுமி நல்லாக நித்திரை கொண்டாள். சில நாட்களில் காலையில் எழும்பித் தங்கையோடு இருந்து கீரை ஆயவும் தொடங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆரபியின் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து தாயையும் ஜெயதீபனையும் பார்த்தாள்.

“ஏதோ மையமாம். இந்த வீட்டிலை கரண்ட் திடீரெண்டு குறைஞ்சு போச்சாம். என்னை உந்தினது என்ன எண்டு கேக்க நாளைக்குக் காலமை வருகினமாம்.”

ஜெயதீபன் விறாந்தைக் குந்தில் இருந்துவிட்டான். “இனி எங்கை போறது?” என்றான். யாரிடம் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“ஒரு இடமும் போகத் தேவையில்லை அண்ணை” என்றாள் ஆரபி. “வரட்டும்.”

சனிக்கிழமை விடிந்ததும் அவள் வீட்டில் இருந்த விளக்குகளையெல்லாம் போட்டாள். கூடத்தில், விறாந்தையில், வெளிச்சுவரில். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சோடனை விளக்குகளை எடுத்து முன்வாசலில் தொங்கவிட்டாள். தொலைக்காட்சி, வானொலி, மின்விசிறி எல்லாம் ஓடின. கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் பாயைச் சுருட்டி அடைத்தார்கள். சுவர்ணாவுக்குத் தன்னைத் தெரியும் என்பதால் ஜெயதீபன் தாயோடு பின்னறையில் இருந்தான். ஒரு பொட்டு வெளிச்சமும் உள்ளே வரவில்லை. ஜீப் வந்து நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது. இயந்திரம் நிற்கவில்லை.

“ஏன் பிள்ளை, பகலிலை இவ்வளவு லைற்?” இது சுவர்ணாவின் குரல்.

“எனக்கு வெளிச்சம் விருப்பம் மிஸ்.”

“போன மாதம் குறைஞ்சிருந்ததே?”

“பல்ப் எல்லாம் எரிஞ்சு போச்சு. மாத்த ஆள் கிடைக்கேல்லை.”

கதிரை இழுபடும் ஓசை. கமலாவதி தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும், கோப்பை தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கால் ஓசை பின்னறைக் கதவை நோக்கி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்தில் நின்றது. ஜெயதீபன் தாயின் கையைப் பிடித்தான். அவனுடைய செருப்பு முன்வாசலில் கழற்றிய இடத்திலேயே கிடக்கிறது என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

சுவர்ணா அங்கே நின்றபடியே பேசினாள். ஆரபிக்குச் சொல்வதற்குத் தேவைப்பட்டதைவிட அவளுடைய குரல் உரத்திருந்தது.

“இந்த வீட்டிலை உந்துதல் ஒண்டும் இல்லை. நான் அப்பிடியே எழுதிவிடுறன். ஆனா பிள்ளை, இனிக் குறையவிட்டிடாதேங்கோ. குறைஞ்சா எனக்கு வேறை வழியில்லை. ஜீப்பைக் கொண்டு திரும்பவும் வரவேணும்.”

“ஓம் மிஸ்” என்றாள் ஆரபி.

கால் ஓசை திரும்பிப் போயிற்று. படலை சாத்தும் சத்தம் கேட்டது. ஜீப்பின் சத்தம் ஒழுங்கையால் தேய்ந்து மறைந்தது. இருட்டுக்குள் குணலட்சுமி, “அந்தப் பிள்ளை சாப்பிட்டிட்டோ போறாள்?” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து கமலாவதி வீட்டின் முன்பகுதியில் விளக்குகள் அணைவதில்லை. வழியால் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்லிப் போவார்கள். கமலாவதி தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள். ஜெயதீபன் நெல்லியடிக் கடையில் உழைப்பதில் பெரும் பங்கு அந்த விளக்குகளுக்குத்தான் போகிறது.

சில வேளைகளில் ஆரபி படிப்பை முடித்துவிட்டு எழும்பும்போது, பழைய பழக்கத்தில் கை தன்பாட்டில் சுவிச்சுக்குப் போகும். கமலாவதி சாத்தியிருக்கும் பின்னறைக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டு மகளின் கையைத் தட்டுவாள்.

“விடு பிள்ளை, எரியட்டும். அக்கா நித்திரை.”